கல்லான பாம்பா, கல்லான வளையா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து, அதுவும் கல்லைப் பற்றி. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு அவரவர் பதிலுக்கு வந்தால் நல்லது.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் தண்ணீர் வற்றும்போது கரையோரம் ஒரு பழுப்பு நிற மணல்பாறை வெளியே தெரியும். அதில் விரல் பருமனில் குழாய் குழாயாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே சொரசொரப்பு, சில இடத்தில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. கல்லாகிப்போன பாம்பு என்கிறார் அப்பா. பவளம் என்கிறான் நண்பன். ஒரு துண்டை உடைத்து எடுத்துவந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இது என்ன? – வாசகர், வாலிநோக்கம்

பதில்: அப்பா சொன்னதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். இந்த மாதிரிக் குழாய்களுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரே ஓபியோமார்ஃபா, கிரேக்கத்தில் 'பாம்பு வடிவம்' என்று அர்த்தம். 1891இல் லுண்ட்கிரென் என்ற ஸ்வீடன்காரர் வைத்தார். அவர் கண்ணுக்கும் உங்கள் அப்பா கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் பட்டிருக்கிறது. ஆனால் பாறைக்குள் இருப்பது ஒரு உயிர் குடியிருந்த வளை. எலும்பு, பல், சிப்பி ஓடு இவை கல்லானால் உடம்பின் புதைபடிவம். நடந்த தடம், ஊர்ந்த கோடு, தோண்டிய வளை இவை கல்லானால் தடப் புதைபடிவம். உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

வெறும் ஓட்டை எப்படிக் கல்லாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். நம் கரைப் பிள்ளைகள் நண்டு பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். வளைக்குள் காய்ந்த வெள்ளை மணலை அள்ளி ஊற்றிவிட்டு, அப்புறம் சுற்றிலும் தோண்டிக்கொண்டே போவார்கள். சுற்றியிருக்கும் ஈர மணல் கறுப்பாக இருக்கும், ஊற்றிய மணல் மட்டும் வெள்ளைக் கயிறு மாதிரி உள்ளே வளைந்து வளைந்து இறங்கும், வளை இடிந்து விழுந்தாலும் கை வழி தப்பாது. கடலும் இதைத்தான் செய்கிறது. குடியிருந்தது செத்துப்போன பிறகோ விட்டுப்போன பிறகோ வேறு நிற மணல், வேறு பருமன் மணல் வளைக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது. அப்புறம் சிப்பித் தூளிலிருந்து கரைந்த சுண்ணாம்பு நீரோடு ஊறி, மணலை மணலோடு ஒட்டவைத்துப் பாறையாக்குகிறது. வளையின் சுவரில் அந்த உயிர் பூசிவைத்த சளியும் களிமண்ணும் இருந்தால் அந்த இடம் பெரும்பாலும் சுற்றுப் பாறையைவிடக் கெட்டியாகிவிடும். அலையும் உப்பும் சுற்றியுள்ள மணலை அரித்துத் தள்ளும்போது குழாய் மட்டும் தேயாமல் புடைத்து நிற்பது இதனால்தான்.

இப்போது உங்கள் துண்டைக் கையில் எடுங்கள். நகைப் பட்டறையில் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ், அது கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் குழாயின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சொரசொரப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அது வெறும் மணல் சொரசொரப்பா, இல்லை பாகற்காய்த் தோல் மாதிரி சின்னச் சின்ன முண்டுகளா? முண்டு என்றால் அது பெரிய அடையாளம். ஈர மணலுக்குள் வாழும் ஒரு வகை இறால், காலியனாசா இனத்தது, மணலையும் சேற்றையும் சளியில் பிசைந்து உருண்டை உருண்டையாக்கிச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டே வளை தோண்டும். உருண்டையின் மேடு வெளியே மணலைப் பார்த்து நிற்கும். உள்பக்கத்தை மட்டும் உரசி வழவழப்பாக்கி வைத்துக்கொள்ளும், தான் ஓடியாடுகிற இடம் அல்லவா. வெளியே முண்டு, உள்ளே வழவழப்பு, இந்த ஜோடியைத் தானாக உருவாகும் எந்தக் கல் குழாயிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது பருமன். குழாய் நெடுகப் பருமன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா என்று நூல் சுற்றிப் பாருங்கள். தோண்டிய உயிரின் உடம்பு அளவுதான் வளையின் அளவு, அதனால் வளை போகப் போக ஊசியாகாது. திரும்புவதற்கு வசதியாகக் கிளை பிரியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கலாம். போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தால் வேரைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், அதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. பாறையில் மணல் அடுக்கடுக்காகப் படிந்த கோடுகள் தெரியும். குழாய் அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு குறுக்கே இறங்குகிறதா, அல்லது கோட்டோடு கோடாகப் படுத்திருக்கிறதா? செங்குத்தாக இறங்கினால் அலை அடித்து மணல் ஓயாமல் புரண்ட இடம், உயிர் பிழைக்க ஆழமாக ஒளிந்திருக்கிறது. படுக்கைவாட்டில் வலை மாதிரி பரவியிருந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அமைதியான நீர். ஜெர்மனியின் ஜைலாகர் 1960களில் இந்த வழியைத்தான் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார், தடங்களின் கூட்டத்தைப் பார்த்தே அந்தக் கடலின் ஆழத்தையும் அலையின் வேகத்தையும் ஊகிக்கலாம் என்று. அதற்குக் கல் கிடந்த இடமும், அதன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதும் வேண்டும். நீங்கள் துண்டை உடைத்து எடுத்துவந்ததில் அந்த இரண்டும் போய்விட்டன. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இனி உடைக்க வேண்டாம்.

பவளமா என்ற சந்தேகத்தை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். பவளம் இறுகிய முருகைக்கல்லை உடைத்த முகத்தில் பூப்பூவாக, நட்சத்திரம் மாதிரி, நடுவிலிருந்து மெல்லிய தகடுகள் விரிந்த அச்சுகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும், மணல் மணியைப் பார்க்க முடியாது. மணற்கல்லில் சர்க்கரைக் கட்டியை உடைத்தது மாதிரி மணிகள் தெரியும், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும். தனுஷ்கோடிக்குப் போயிருந்தால் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரை ஞாபகப்படுத்திப் பாருங்கள், அது பவளக்கல்லால் கட்டியது. அந்தச் சுவரின் முகமும் உங்கள் கல்லின் முகமும் ஒன்றா என்று பார்த்தாலே போதும்.

இன்னொன்று. பாறையைப் பார்க்கப் போவதற்கு முந்தின சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா கரையில் உட்காருங்கள். நான் அரியமான் கரையில் அப்படி உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். வெளிறிய நண்டு ஒன்று வளையிலிருந்து பக்கவாட்டில் வரும், காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஈர மணலை அணைத்துக்கொண்டு. ஓரடி தள்ளி வந்து மணலை விசிறி எறியும். கண்ணை நிமிர்த்திப் பார்க்கும், உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு ஒரு பக்கம் மட்டும் விசிறி வடிவில் ஈர மணல் குவிந்துவிடும். அந்த நண்டின் வளை சாய்வாக இறங்கி இங்கிலீஷ் எழுத்து ஜே மாதிரி வளையும், சிலது ஒய் மாதிரி மேலே இரண்டாகும், சுவரில் முண்டு பூச்சு எதுவும் இருக்காது. அது ஏற்றத்தில் தண்ணீர் தொடும் கோட்டை ஒட்டியும் அதற்கு மேலே உலர்ந்த மணலிலும் குடியிருப்பது. முண்டுக் குழாய் இறாலோ அநேகமாக எப்போதும் நீர் ஊறுகிற மணலில் இருப்பது. ஒரே பாறையில் கீழே முண்டுக் குழாயும் மேலே ஜே வடிவ வளையும் கண்டால், ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்த இடம் அப்புறம் கரையாகியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கேள்வி: நான் பாசி எடுக்கிறவள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி எல்லாம் எனக்கு அத்துப்படி. கரையில் கிடந்த ஒரு மணல்கல்லில் பாசி ஒட்டிக் கல்லான மாதிரியே கிளைகிளையாக இருக்கிறது. பழைய காலத்துப் பாசியா? – வாசகி, பாம்பன் சின்னப்பாலம்

பதில்: அம்மா, உங்களுக்குத் தோன்றியதுதான் ஐரோப்பாவின் பெரிய பெரிய ஆய்வாளர்களுக்கும் பல காலம் தோன்றியது. இந்த மாதிரி கிளை உள்ள கல்லையெல்லாம் கல்லான கடற்பாசி என்றே எழுதிவைத்தார்கள், பாசிப் பெயரே சூட்டினார்கள். 1881இல் நாத்தோர்ஸ்ட் என்பவர் உயிருள்ள புழுக்களையும் மற்ற சிறு பிராணிகளையும் மென்மையான சேற்றில் ஊரவிட்டு, அவை விட்டுச்சென்ற தடங்களை அந்தக் கற்களோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். உங்கள் கையில் புரளும் பாசிக்கு நுனி சிறுத்திருக்கும், கரையில் ஒதுங்கினால் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தட்டையாகிவிடும். மணலில் புதைந்தால் பெரும்பாலும் அழுகியே போகும், தப்பித்தவறி மிஞ்சினால் கறுத்த மெல்லிய படலமாக ஒரே தளத்தில் கிடக்கும். புழு வளை அப்படியில்லை, கல்லின் பக்கவாட்டைப் பார்த்தால் கிளை உள்ளே இறங்கிப் போவது புள்ளி புள்ளியாகத் தெரியும். கிளை எல்லாம் ஒரே பருமனில் இருக்கும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: கல்லின் விரிசலில் மட்டும் மை தெளித்த மாதிரி கறுப்பாக, பெரணி இலை போல விரிந்திருந்தால் அது பாசியும் இல்லை புழுவும் இல்லை, விரிசல் வழியாக நீர் கொண்டுவந்து படியவைத்த மாங்கனீசு. லென்ஸில் பார்த்தால் அதற்குப் பருமனே இருக்காது, வெறும் கறை. உங்கள் மாதிரி பாசியின் ஒவ்வொரு கணுவையும் தெரிந்தவர்களின் கண் இந்த வேலைக்கு ரொம்பத் தேவை.

கேள்வி: சாயல்குடிப் பக்கம் எங்கள் பனங்காட்டில் செம்மணலைத் தோண்டும்போது வெள்ளைக் குச்சி குச்சியாகக் கல் வருகிறது. இதுவும் நண்டு வளையா? – வாசகர், சாயல்குடி

பதில்: இல்லை, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வேர். தேரி மணலில் முன்பு நின்ற செடி மரங்களின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கிறது. வேர் மக்கிப்போனபின் உறை மட்டும் நிற்கிறது. சில குச்சியின் நடுவே ஊசி நுழைகிற ஓட்டை இருக்கும், வேர் இருந்த இடம். மேலே தடித்து, கீழே போகப் போகச் சிறுத்து, தலைமயிர் அளவுக்குப் பிரிந்துகொண்டே போகும். சுக்கான்கல் என்று ஊரில் சொல்வது இதன் உறவுதான், அது உருண்டையாகவோ பாளமாகவோ இறுகியது. வேரின் தடமும் தடப் புதைபடிவம்தான் என்றே பல ஆய்வாளர்கள் கணக்கில் வைக்கிறார்கள், அதனால் ஏமாற வேண்டாம். அது சொல்லும் செய்தி வேறு: அந்த இடம் அப்போது கடல் இல்லை, காற்று குவித்த மணல்மேடு, அதன் மேல் பச்சை இருந்தது.

கடல் இந்தப் பக்கம் வந்தும் போயும் இருக்கிறது என்பதை இந்த இரண்டு வகைத் தடமும் சேர்ந்துதான் காட்டும். ஏறக்குறைய 20,000 ஆண்டுக்கு முன் உலகெங்கும் கடல் இப்போதையைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது, ஆழமில்லாத நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, முழுக்க அப்போது நடந்து போகிற தரை. அதற்கும் முன்னே, 1,25,000 ஆண்டு வாக்கில், கடல் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயர்ந்து நின்றது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குவது பவளம் என்று படித்தேன். எங்கள் கரைக் கல்லும் பொங்கியது. அப்படியானால் பவளமா? வயது எவ்வளவு இருக்கும்? – கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், தங்கச்சி. நம் கரையில் மணற்கல்லை ஒட்டவைத்திருக்கும் பசையும் பெரும்பாலும் சுண்ணாம்புதான், அதுவும் பொங்கும். ஏற்கெனவே தனியாக உடைந்து கிடக்கும் சுண்டைக்காய் அளவுத் துணுக்கு ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு வினிகர் ஊற்றி மூடாமல் வையுங்கள். பொங்கி அடங்கியதும் வடித்துவிட்டுப் புது வினிகர் ஊற்ற வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். பவளத் துணுக்கு என்றால் கடைசியில் கொஞ்சம் அழுக்கைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. மணற்கல் என்றால் பசை கரைந்து அடியில் மணல் தங்கும், அதை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி குவார்ட்ஸும், நடுநடுவே கறுப்பு மணிகளும், சிலசமயம் இளஞ்சிவப்பு கார்னெட்டும் தெரியும். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். தடம் உள்ள பக்கத்தின் மேல் வினிகர்கூட விடாதீர்கள், சுவரின் நுணுக்கம் முதலில் கரைந்துவிடும்.

வயதைப் பற்றி ரொம்ப நிதானமாக இருங்கள். அலை ஏறி இறங்கும் பட்டையில் மணல் சுண்ணாம்பால் ஒட்டிப் பாறையாவதற்குச் சில பத்தாண்டுகளே போதும், உலகில் பல கரைகளில் அந்தப் பாறைக்குள் சோடாப் புட்டித் துண்டே சிக்கியிருக்கிறது. கரையின் சரிவு எப்படியோ அப்படியே கடலைப் பார்த்துச் சாய்ந்து, தட்டுத் தட்டாகப் படிந்திருந்தால் அந்த வகையாக இருக்கலாம். உங்கள் பக்கத்திலேயே, பாம்பன் ராமேசுவரம் கரையில், கடல் மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்கும் பழைய பவளப்பாறை உண்டு. 1972இல் ஸ்டோடார்ட், கோபிநாத பிள்ளை இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள், அதன் வயது சில ஆயிரம் ஆண்டு. அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் வளைகளோ டைனோசர் காலத்தவை, 6.6 கோடி ஆண்டுக்கும் முந்தியவை. வடிவம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதனால் வளையை மட்டும் பார்த்து வயது சொல்லக் கூடாது.

கேள்வி: கல் முழுக்கச் சட்டி வடிவத்தில் ஓட்டை. ஒன்றில் உயிரோடு சிப்பி இருந்தது. புதைபடிவத்துக்குள் உயிரா? – வாசகர், கீழக்கரை

பதில்: அது இன்றைக்கு வாழ்கிற, கல்லைத் துளைக்கும் சிப்பி. வாய் குறுகி உள்ளே அகன்ற குடுவை வடிவம் அதன் கைவேலை. மணல் ஈரமாக இருந்தபோது தோண்டிய வளை மணிகளை ஒதுக்கிவிட்டுப் போகும், கல்லான பிறகு போட்ட துளை மணியையும் சிப்பி ஓடுகளையும் பாதியாக அறுத்துவிட்டுப் போகும். ஓட்டையின் விளிம்பில் லென்ஸை வைத்து அதைப் பாருங்கள். சுவரில்லாமல் தேன்கூடு மாதிரி குழிந்து கிடப்பது என்றால் உப்பு படிந்து படிந்து அரித்தது, அதில் உயிருக்குப் பங்கில்லை.

கேள்வி: இப்படி எதையாவது கண்டால் யாரிடம் காட்டுவது? எடுத்து வரலாமா? – வாசகர், பெரியபட்டினம்

பதில்: எடுத்து வர வேண்டாம். பவளம் என்றால் கேள்வியே இல்லை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. கரைக் கல்லைப் படமாக எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ ஸ்கேலோ வைத்து ஒன்று, பாறையின் பக்கவாட்டு அடுக்கு தெரிகிற மாதிரி ஒன்று, நாலடி தள்ளி நின்று கடல் எந்தப் பக்கம் என்று தெரிகிற மாதிரி ஒன்று. வெயில் உச்சியில் இருக்கும்போது எடுத்தால் புடைப்பே தெரியாது, காலை ஏழு மணி வாக்கில் நிழல் சாய்ந்து விழும்போது எடுங்கள். போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது, சென்னை கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அலுவலகம் இருக்கிறது, இரண்டு இடத்துக்கும் படத்தோடு எழுதலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

வாலிநோக்கம் வாசகருக்கு மறுபடியும்: நீங்கள் அனுப்பிய படத்தில் துண்டு மேசை விரிப்பின் மேல் கிடக்கிறது, அளவு தெரியவில்லை. நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய வற்றத்தில்தான் அந்தப் பாறை நன்றாக வெளியே வரும். அன்றைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், துண்டு உடைந்த இடத்தைத் தேடி அதில் பொருத்திப் பாருங்கள், விளிம்பு விளிம்போடு சேர்ந்தால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது திரும்பக் கிடைத்துவிடும். சேர்ந்த நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.